விடை இல்லை என்பதும் ஒரு விடைதான்



எண்களின் சிறப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 1729 தான். ஈரோட்டில் 1887-ஆம் ஆண்டில் பிறந்த கணித மேதை சீனிவாச இராமானுசன் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது, அவரைக் காண வந்த பேராசிரியர் ஹார்டியின் வாடகை வண்டி எண் அது. இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று இராமானுசன் உடனே கூறினார். 1729-ஐ 1³ + 12³ என்றும் எழுதலாம். 9³ + 10³ என்றும் எழுதலாம். இந்நிகழ்ச்சியை வகுப்பில் சொல்லாத தமிழ்ப்பள்ளிக் கணித ஆசிரியர் இருக்க மாட்டார். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மாணவர்கள் வியப்போடு கேட்பார்கள். ஆனால் அவ்வியப்பின் முடிவில் அவர்கள் மனத்தில் தங்குவது என்ன? “அவர் மேதை, நமக்கு இதெல்லாம் வராது” என்ற எண்ணமே பலருக்கும் தங்கிவிடுகிறது. ஆகவே அண்மைய ஆண்டுகளில் நான் வேறோர் எண்ணை வகுப்பறைக்குள் கொண்டு செல்கிறேன். அந்த எண்ணைக் கண்டடைய மேதையாக இருக்க வேண்டிய தேவையில்லை. வாய்பாடும் பொறுமையும் போதும். அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

அந்த எண்: 381654729.

நம் பாடநூல் வழக்கப்படி படித்தால் முந்நூற்று எண்பத்தொரு மில்லியன் அறுநூற்று ஐம்பத்து நான்காயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது. நம் பாட்டன்மார் வழக்கப்படி படித்தால் முப்பத்தெட்டுக் கோடியே பதினாறு இலட்சத்து ஐம்பத்து நான்காயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது. எப்படிப் படித்தாலும் எண் ஒன்றே.

எண்ணின் சிறப்பு

முதலில் இலக்கங்களைக் கவனியுங்கள். 1 முதல் 9 வரை ஒன்பது இலக்கங்களும் இதில் ஒவ்வொரு முறை மட்டுமே வந்துள்ளன. ஒன்றுகூட விடுபடவில்லை, ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை.

இனி இடப்புறத்திலிருந்து இலக்கங்களைச் சிறிது சிறிதாக எடுப்போம். முதல் இரண்டு இலக்கங்களை எடுத்தால் 38. அது 2-ஆல் மீதமின்றி வகுபடும். முதல் மூன்று இலக்கங்கள் 381. அது 3-ஆல் வகுபடும். இப்படியே ஒன்பது வரைக்கும் செல்லலாம்.

38 ÷ 2 = 19
381 ÷ 3 = 127
3816 ÷ 4 = 954
38165 ÷ 5 = 7633
381654 ÷ 6 = 63609
3816547 ÷ 7 = 545221
38165472 ÷ 8 = 4770684
381654729 ÷ 9 = 42406081

எங்குமே மீதி இல்லை. ஒன்பது இலக்கங்களையும் வரிசைப்படுத்த எத்தனை வழிகள் உள்ளன? முதல் இடத்திற்கு 9 வாய்ப்பு, இரண்டாம் இடத்திற்கு 8, மூன்றாம் இடத்திற்கு 7 என்று பெருக்கிக்கொண்டே வந்தால் 9 × 8 × 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1 = 362 880 வழிகள். இத்தனை வரிசைகளில் மேற்கண்ட எட்டுச் சோதனைகளிலும் தேறுவது 381654729 ஒன்று மட்டுமே. இன்னோர் எண் கிடையாது!

“கிடையாது என்று எப்படித் தெரியும், டீச்சர்? எல்லாத்தையும் போட்டுப் பாத்தீங்களா?” என்று ஒரு மாணவன் கேட்டால் அன்றைய பாடம் வெற்றி பெற்றது என்றே கொள்ளலாம். ஏனெனில் இந்த எண்ணின் உண்மையான சுவை அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

சிறியதிலிருந்து தொடங்குதல்

ஒன்பது இலக்கங்களை ஒரேயடியாகப் பிள்ளைகளின் கையில் கொடுத்தால் மலைத்துப் போவார்கள். ஆகவே நான் 1, 2, 3 ஆகிய மூன்று இலக்கங்களில் தொடங்குவேன். மணிலா அட்டையை வெட்டி, ஆளுக்கு மூன்று சிறு அட்டைகள். முதல் இரண்டு இலக்கங்கள் 2-ஆல் வகுபட வேண்டும். மூன்றும் சேர்ந்து 3-ஆல் வகுபட வேண்டும். சில நிமிடங்களில் 123, 321 என்ற இரு விடைகளையும் கண்டுபிடித்துவிடுவார்கள். வகுப்பறை கலகலப்பாகிவிடும்.

அடுத்து 1 முதல் 4 வரை. இதை வீட்டுப்பாடமாகக் கொடுப்பேன். விடை உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். “கண்டதை எழுதி வாருங்கள், ஏன் என்பதையும் எழுதி வாருங்கள்” என்று மட்டுமே சொல்வேன்.

உண்மை என்னவென்றால், நான்கு இலக்கங்களுக்கு விடையே இல்லை.

2023-ஆம் ஆண்டில் என்னிடம் பயின்ற ஆறாம் ஆண்டு வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறிய பள்ளி, வகுப்பில் பதினேழே பேர். மறுநாள் பயிற்சி நூல்களைத் திரட்டிப் பார்த்தேன். சிலர் 1432 என்று எழுதியிருந்தனர். சிலர் 1236 என்று, இல்லாத 6-ஐச் சேர்த்து எழுதியிருந்தனர். பெரும்பாலோர் வெறுமையாக விட்டிருந்தனர். ஒரே ஒரு நூலில் மட்டும் ‘விடை இல்லை’ என்று எழுதப்பட்டு, அழிக்கப்பட்டு, மீண்டும் எழுதப்பட்டு, மீண்டும் அழிக்கப்பட்டிருந்தது. தாளே கிழியும் நிலைக்கு வந்திருந்தது. அது எழுதும்போதும் படிக்கும்போதும் தடுமாறி, நான்காம் ஆண்டு வரை குறைநீக்கல் வகுப்புக்குச் சென்று வந்த ஒரு மாணவியின் நூல்.

நூலை நான் பார்த்துக்கொண்டிருந்த வேளையிலேயே அவளுடைய தந்தை பள்ளிக்கு வந்துவிட்டார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் அவர். வேலைக்குப் போகும் வழியில் லாரியைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

“டீச்சர், எம்மவளுக்குப் படிப்பு வராதுன்னு எனக்குத் தெரியும். அதுக்காக விடையே இல்லாத கணக்கக் கொடுத்து, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பிள்ளைய அழவைக்கலாமா?” என்றார்.

கோபத்தைவிட அவர் குரலில் வேதனையே மிகுந்திருந்தது. தம் மகளை யாரோ கேலிக்கு உள்ளாக்கிவிட்டார்கள் என்ற எண்ணம் அவருக்கு. அதற்கு அவரைக் குறை சொல்ல இயலாது. நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் கணக்குகள் அனைத்திற்கும் விடை இருக்கும். விடைக்கென்று ஒரு கோடு போட்டு இடமும் விட்டிருப்போம். அந்தக் கோட்டின் மேல் எதையாவது எழுதியே ஆக வேண்டும். எழுதாத பிள்ளை தெரியாத பிள்ளை. இந்த வழக்கத்தில் வளர்ந்த குழந்தைக்கு ‘இல்லை’ என்று எழுதுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

“ஐயா, ஐந்து நிமிடம் இருங்கள். உங்கள் மகளையே கேட்போம்” என்று சொல்லி, அவளை அழைத்து நான்கு அட்டைகளையும் மேசைமீது வைத்தேன். தந்தை பக்கத்தில் இருந்ததால் முதலில் தயங்கினாள். பிறகு அட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பேசத் தொடங்கினாள்.

“ரெண்டாவது எடத்துலயும் நாலாவது எடத்துலயும் இரட்டைப்படை எண்தான்ப்பா வரணும். அப்ப 2-உம் 4-உம் அங்க போயிரும். கடைசி ரெண்டு எண்ணும் சேந்து நாலால வகுபடணும். 14 வகுபடாது, 34 வகுபடாது. 12-உம் 32-உம்தான் வகுபடும். அதனால கடைசில 2 நிக்கணும். ரெண்டாவது எடத்துல 4. மிச்சம் 1-உம் 3-உம். எத முன்னால வச்சாலும் மூணையும் கூட்டினா எட்டுதான் வரும். எட்டு மூணால வகுபடாது. அதனால விடை இல்லப்பா.”

அவள் முடித்தபின் அந்தத் தந்தை சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பின்னர் எண்ணெய்க் கறை படிந்த விரல்களால் அட்டைகளைத் தாமே நகர்த்தினார். 3412 என்று வைத்துப் பார்த்தார். 1432 என்று வைத்துப் பார்த்தார். உதடுகளுக்குள் கூட்டிப் பார்த்தார்.

“அப்ப அஞ்சு வரைக்கும் போனா?” என்று மகளைக் கேட்டார்.

“தெரியலப்பா. பாக்கணும்.”

“சரி, பாத்துட்டுச் சாயங்காலம் சொல்லு” என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லாரியை நோக்கிச் சென்றார்.

அன்பர்களே, அந்தச் சிறுமி செய்தது என்ன என்று எண்ணிப் பாருங்கள். நான்கு இலக்கங்களை வரிசைப்படுத்த 24 வழிகள் உள்ளன. அவள் அந்த 24-ஐயும் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கவில்லை. நான்கு காரணங்களால் 24-ஐயும் ஒருசேர விலக்கினாள். கணித உலகில் இதற்கு ‘நிறுவுதல்’ என்று பெயர். ஒன்று இருக்கிறது என்று காட்ட ஓர் எடுத்துக்காட்டு போதும். ஒன்று இல்லவே இல்லை என்று காட்டக் காரணம் வேண்டும். இரண்டாவதே கடினம். படிப்பு வராது என்று வீட்டிலும் வெளியிலும் எண்ணப்பட்ட ஒரு பிள்ளை அந்தக் கடினமான செயலைத்தான் செய்திருந்தாள்.

ஐந்து இலக்கங்களுக்கான விடையை அன்று மதியமே வகுப்பு முழுவதும் சேர்ந்து கண்டது. 0 இல்லாததால் ஐந்தாம் இடத்தில் 5 தான் நிற்க வேண்டும். அப்படியானால் முதல் நான்கு இடங்களில் 1, 2, 3, 4. அதுவோ முடியாது என்று முன்னரே நிறுவப்பட்டுவிட்டது. ஆகவே ஐந்துக்கும் விடை இல்லை! அவளுடைய ‘இல்லை’ மற்றவர்களுக்கு ஒரு கருவியாகிவிட்டது. அவர்கள் அதைக் கொண்டு மேலே சென்றார்கள்.

ஆறு இலக்கங்களுக்கு 123654, 321654 என இரு விடைகள் உண்டு. ஏழுக்கு விடை இல்லை. எட்டுக்கு ஒரே விடை, 38165472. ஒன்பதுக்கும் ஒரே விடை; நம் 381654729. நான்கில் இல்லை, ஐந்தில் இல்லை என்று கண்டு அங்கேயே நின்றுவிட்டிருந்தால் ஆறையும் எட்டையும் ஒன்பதையும் கண்டிருக்க மாட்டோம்.

ஒன்பதைக் கண்டடையும் வழி

இனி ஆசிரியர்களுக்காக முழு வழியையும் எழுதுகிறேன். பெற்றோர்களும் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பின்தொடரலாம். ஒன்பது கட்டங்களை வரைந்துகொள்ளுங்கள்.

படி 1: ஐந்தாம் இடத்தில் 5. (5-ஆல் வகுபட 0 அல்லது 5-இல் முடிய வேண்டும், நம்மிடம் 0 இல்லை.)

படி 2: 2, 4, 6, 8-ஆல் வகுபட வேண்டியவை இரட்டைப்படை இலக்கத்தில் முடிய வேண்டும். ஆகவே 2, 4, 6, 8 ஆகிய நான்கும் இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம் இடங்களுக்குச் சென்றுவிடும். எஞ்சிய 1, 3, 7, 9 ஆகியவை முதல், மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் இடங்களுக்கு.

படி 3: 100 என்பது 4-இன் மடங்கு. ஆகவே 4-ஆல் வகுபடுமா என்று அறியக் கடைசி இரு இலக்கங்களைப் பார்த்தால் போதும். மூன்றாம் இடம் ஒற்றைப்படை என்பதால் நான்காம் இடத்தில் 2 அல்லது 6 தான் வர முடியும். (12, 16, 32, 36, 72, 76, 92, 96 எல்லாம் வகுபடும், 14, 18, 34, 38 போன்றவை வகுபடா.)

படி 4: 1000 என்பது 8-இன் மடங்கு. ஆகவே 8-க்குக் கடைசி மூன்று இலக்கங்களைப் பார்க்க வேண்டும். அவற்றுள் ஆறாம் இடம் இரட்டைப்படை. 200, 400, 600, 800 எல்லாமே 8-ஆல் வகுபடும். எனவே ஏழாம், எட்டாம் இலக்கங்கள் சேர்ந்த ஈரிலக்க எண் 8-ஆல் வகுபட்டாக வேண்டும். ஏழாம் இடம் ஒற்றைப்படை என்பதால் எட்டாம் இடத்திலும் 2 அல்லது 6 தான். ஆகவே 4-உம் 8-உம் இரண்டாம், ஆறாம் இடங்களுக்கு உரியவை.

படி 5: இலக்கங்களின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட்டால் எண்ணும் 3-ஆல் வகுபடும். முதல் மூன்று இலக்கங்களின் கூட்டுத்தொகையும் முதல் ஆறு இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 3-ஆல் வகுபட வேண்டுமானால், இடையிலுள்ள நான்காம், ஐந்தாம், ஆறாம் இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 3-ஆல் வகுபட வேண்டும். நான்காம் இடம் 2 என்றால் 2 + 5 + 8 = 15; ஆறாம் இடம் 8. நான்காம் இடம் 6 என்றால் 6 + 5 + 4 = 15; ஆறாம் இடம் 4. மற்றவை பொருந்தா.

இப்போது பாதை இரண்டாகப் பிரிகிறது.

முதல் பாதை: இரண்டாம் இடம் 4, நான்காம் இடம் 2, ஆறாம் இடம் 8, எட்டாம் இடம் 6. ஏழாம், எட்டாம் இலக்கங்கள் 8-ஆல் வகுபட 16-உம் 96-உம் பொருந்தும். 36, 76 பொருந்தா. ஆகவே ஏழாம் இடம் 1 அல்லது 9. முதல் மூன்றின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட வேண்டுமென்பதால் முதல், மூன்றாம் இடங்களில் 1-உம் 7-உம்; ஆகவே ஏழாம் இடத்தில் 1 நிற்க முடியாது, 9 தான். கிடைப்பவை இரண்டு: 147258963, 741258963.

இரண்டாம் பாதை: இரண்டாம் இடம் 8, நான்காம் இடம் 6, ஆறாம் இடம் 4, எட்டாம் இடம் 2. இங்கு 32-உம் 72-உம் 8-ஆல் வகுபடும். ஏழாம் இடத்தில் 3 நின்றால் கிடைப்பவை நான்கு: 189654327, 981654327, 789654321, 987654321. ஏழாம் இடத்தில் 7 நின்றால் கிடைப்பவையும் நான்கு: 183654729, 381654729, 189654723, 981654723.

362 880 எங்கே, 10 எங்கே! இன்னும் ஒரு முறைகூட நாம் நீள்வகுத்தல் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எஞ்சியிருப்பது 7-ஆம் வாய்பாடு மட்டுமே. பத்து எண்களின் முதல் ஏழு இலக்கங்களையும் 7-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். பத்துப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுவேன். ஒன்பது பேருக்கு மீதி வரும். ஒருவருக்கு மட்டும் வராது.

7-ஆல் வகுக்க விரும்பாதோர்க்கு ஒரு சிறு வழி உண்டு. கடைசி இலக்கத்தை இரட்டித்து, எஞ்சிய எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். இதையே தொடர்ந்து செய்தால் போதும். 3816547-ஐ எடுத்துக்கொண்டால், 381654 − 14 = 381640. பிறகு 38164 − 0 = 38164. பிறகு 3816 − 8 = 3808. பிறகு 380 − 16 = 364. பிறகு 36 − 8 = 28. இருபத்தெட்டு 7-இன் மடங்கு; ஆகவே தொடக்க எண்ணும் 7-இன் மடங்கே.

இறுதியில் 9-க்குச் சோதனையே தேவையில்லை. 1 முதல் 9 வரை கூட்டினால் 45. அது 9-ஆல் வகுபடும். ஆகவே இந்த இலக்கங்களை எப்படி வரிசைப்படுத்தினாலும் எண் 9-ஆல் வகுபட்டே தீரும். இதை எந்தப் பிள்ளையாவது தானே கண்டு சொன்னால் அன்று வகுப்பில் கைதட்டல் உறுதி.

முடிவில் ஒரு 0-வைச் சேர்த்தால் 3816547290. இது 10-ஆலும் வகுபடும். 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களும் இடம்பெற்றுவிட்டன. இலக்கங்கள் மீண்டும் வரலாம் என்று விதியைத் தளர்த்தினால் இன்னும் நீளமாகச் செல்லலாம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இவ்வகை எண்களில் மிக நீளமானது 25 இலக்கங்களைக் கொண்டது: 3608528850368400786036725. இருபத்தாறாவது இலக்கமாக எதை ஒட்டினாலும் அது 26-ஆல் வகுபடாது. இங்கும் ஒரு ‘இல்லை’ நம்மை எதிர்கொள்கிறது.

காரணம் சொல்லும் மொழி

இப்பாடத்தில் பிள்ளைகளின் வாயிலிருந்து நான் மிகுதியாகக் கேட்ட சொற்கள் எவை தெரியுமா? ‘ஏனென்றால்’, ‘அதனால்’, ‘அப்படியானால்’, ‘இல்லாவிட்டால்’. இவை கணிதச் சொற்கள் அல்ல, மொழிச் சொற்கள். ஆனால் இவை இல்லாமல் கணிதம் வெறும் இயந்திரச் செயலாகிவிடும்.

2003-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியதையும், 2009-ஆம் ஆண்டில் அக்கொள்கையை மீட்டுக்கொள்ளும் முடிவு அறிவிக்கப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். இன்றும் எந்த மொழியில் கணிதம் கற்பிப்பது என்ற விவாதம் பெற்றோரிடையே ஓயவில்லை. அந்த விவாதத்திற்குள் நான் இங்குச் செல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் கண்டதைக் கண்டபடி சொல்வேன். விடையைச் சொல்ல எண்கள் போதும்; அதை எந்த மொழியிலும் சொல்லிவிடலாம். காரணத்தைச் சொல்லத்தான் மொழி வேண்டும். அந்தச் சிறுமி தன் தந்தைக்கு விளக்கியபோது ஒரு சொல்லுக்காகவும் அவள் திணறவில்லை. வீட்டில் பேசும் மொழியே அவளுக்குக் கணித மொழியாகவும் இருந்தது. அந்தத் தந்தையும் அதனால்தான் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் அடுத்த வினாவையும் எழுப்பினார்.

அதற்குப் பிறகு அவள் கணிதத்தில் முதல் மாணவியாகிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. நீள்வகுத்தலில் ஆண்டு முடியும் வரை தடுமாறிக்கொண்டுதான் இருந்தாள். ஆயினும் ஒரு மாற்றத்தைக் கண்டேன். விடை தெரியாத இடங்களில் முன்போல் வெறுமையாக விடுவதில்லை. தனக்கு எது வரை தெரியும், எது ஏன் பொருந்தாது என்று ஒரு வரியாவது எழுதினாள். திருத்தும் ஆசிரியருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி என்பதை ஆசிரிய நண்பர்கள் அறிவீர்கள். எந்தப் படியில் பிள்ளை நிற்கிறது என்று அது காட்டிவிடும்.

“இது சோதனையில் வருமா?”

பெற்றோர் சிலர் இவ்வாறு கேட்பது வழக்கம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் “இது தேர்வுக்கு வருமா, டீச்சர்?” என்று கேட்டனர். 2021-இல் அத்தேர்வு அகற்றப்பட்ட பிறகு “தேர்வே இல்லையே, பிறகு எதற்கு இந்தப் பாடு?” என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளுக்கும் என் மறுமொழி ஒன்றே. இந்த எண் எந்தத் தாளிலும் வராது. ஆனால் இந்த எண்ணைத் தேடும்போது பிள்ளை இட மதிப்பு, மடங்கு, மீதி, கூட்டுத்தொகை என்று பாடத்திட்டத்திலுள்ள பலவற்றையும் தானாகவே பயன்படுத்துகிறது. நூறு வகுத்தல் கணக்குகளைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் சலித்துக்கொள்ளும் பிள்ளை, இங்குச் சலிக்காமல் செய்கிறது. ஏனெனில் இங்கு வகுத்தல் ஒரு தேடலுக்கு உதவுகிறது.

கைபேசியும் கணினியும் இந்த 362 880 வரிசைகளையும் கண்ணிமைக்கும் நேரத்தில் சோதித்து விடையைச் சொல்லிவிடும். சொல்லட்டும்; தவறில்லை. ஆனால் அது தரும் விடையில் ‘ஏன் இது ஒன்றே?’ என்பதற்கான காரணம் இருக்காது. காரணம் கண்ட பிள்ளைக்கே அந்த எண் சொந்தமாகிறது.

வகுப்பிலும் வீட்டிலும் இதைச் செய்து பார்க்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்:

1. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு 1 முதல் 3 வரையும் 1 முதல் 4 வரையும் போதும். ஐந்தாம், ஆறாம் ஆண்டினர் ஒன்பது வரை செல்லலாம். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். ஒரு வாரம் ஆனாலும் சரி.

2. தாளில் எழுதுவதைவிட அட்டைகளை நகர்த்துவது நல்லது. அட்டையை நகர்த்தினால் அழிப்பான் தேவையில்லை. அழிக்கத் தேவையில்லாத பிள்ளை அஞ்சாமல் முயலும்.

3. பிள்ளை ‘இல்லை’ என்று சொன்னால் உடனே ‘தவறு’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘ஏன் இல்லை?’ என்று கேளுங்கள். காரணம் சரியாக இருந்தால் அதற்கு முழுப் புள்ளி கொடுங்கள்.

4. பெற்றோர்களே, உங்களுக்குக் கணிதம் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். பிள்ளையை விளக்கச் சொல்லுங்கள். விளங்கும் வரை கேளுங்கள். பெற்றோருக்கு விளக்கும்போதே பிள்ளைக்குத் தன் அறிவின் மேல் நம்பிக்கை பிறக்கிறது.

5. விடையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். இந்த இடுகையைப் பிள்ளைகளின் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு!

381654729 என்னும் எண் நம் பிள்ளைகளுக்கு எந்தப் பரிசையும் பெற்றுத் தராது. ஆனால் ஒரு பெரிய குவியலின் முன் நிற்கும்போது மலைத்துப் போகாமல், ‘எது வர முடியாது?’ என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே சென்றால் எஞ்சுவதைக் கையில் எடுக்கலாம் என்ற பழக்கத்தைத் தரும். அந்தப் பழக்கம் கணித நூலோடு நின்றுவிடாது என்பது என் நம்பிக்கை.

அட்டைகளை வெட்டத் தொடங்குங்கள். ஒரு மணிலா அட்டையில் பல பிள்ளைகளுக்கு வேண்டியதை வெட்டிவிடலாம். உங்கள் வகுப்பில், உங்கள் வீட்டுக் கூடத்தில், முதன்முதலில் ‘இல்லை’ என்று சொன்ன பிள்ளை யார், அதற்கு அந்தப் பிள்ளை சொன்ன காரணம் என்ன என்பதை அறிய ஆவலாய் இருக்கிறேன்.